ஆளில்லாத் தீவுக்கு ஓர் அரசன்

2020-ஆம் ஆண்டு ஊரடங்கு மாதங்களில் எங்கள் குழுவைச் சேர்ந்த மூவர் ஒரு நாட்டை நிறுவினோம். வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். காவல்துறை எதுவும் எங்களைத் தேடி வரவில்லை. வாரந்தோறும் நூலகப் படிக்கட்டில் கூடிப் பேசிப் பழகியவர்களுக்கு, நூலகமும் பூட்டிக் கிடந்த அந்நாட்களில் ஏதேனும் ஒரு பற்றுக்கோடு தேவைப்பட்டது. எங்களில் இளையவர் 'நேஷன்ஸ்டேட்ஸ்' என்னும் இணைய விளையாட்டில் ஏற்கெனவே ஒரு சிறு சர்வாதிகாரியாக வீற்றிருந்தார். நாவல்களைப் பற்றி இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவர்கள் ஒரு நாட்டையாவது எழுதிப் பார்க்கக் கூடாதா என்று அவர் கேட்டது எங்களைச் சற்றே சீண்டியது. இறங்கிவிட்டோம்.

இவ்விளையாட்டின் பிறப்பே ஒரு நாவலை ஒட்டியதுதான். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பாரி, தமது 'ஜெனிபர் கவர்ன்மெண்ட்' நாவல் 2003-இல் வெளிவரவிருந்த வேளையில், அதற்கு ஒரு விளம்பரமாக இருக்கட்டும் என்று 2002 நவம்பரில் இதைத் தொடங்கினார். மனிதர்கள் தாம் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரையே குடும்பப் பெயராகச் சூடிக்கொள்ளும் ஓர் உலகைப் பற்றிய அங்கத நாவல் அது. நாவலைப் புரட்டியே பார்க்காதவர்களும் விளம்பரத்தினுள் இன்றுவரை குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது எழுத்தாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்.

நாட்டுக்கு ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு நாணயம், ஒரு தேசிய விலங்கு, ஒரு முழக்கம். இவ்வளவுதான் முதலீடு. அதன்பின் நாள்தோறும் சில சிக்கல்கள் உங்கள் மேசைக்கு வரும். தரப்பட்ட தீர்வுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கேற்பக் குடிமக்களின் உரிமையும் பொருளாதாரமும் அரசியல் சுதந்திரமும் ஏறி இறங்கும். சாதாரணமாக 28 நாட்கள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டால் உங்கள் நாடு இல்லாமற்போகும். ஆரம்ப ஆண்டுகளில் இவ்விளையாட்டினுள் 'ஐக்கிய நாடுகள்' என்றே ஓர் அவை இருந்தது. 2008 ஜனவரியில் அசல் ஐக்கிய நாடுகள் அமைப்பிடமிருந்து பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தலாகாது என்று கடிதம் வர, அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் அது 'உலகப் பேரவை'யாயிற்று. பெயரும் ஒரு நிலப்பரப்புத்தான், அதற்கும் பட்டாதாரர் உண்டு என்பதை விளையாட்டுக்காரர்கள் அன்று கண்டுகொண்டிருப்பார்கள்.

ஆனால் நாம் பேச வந்தது இந்தச் சிக்கல்களையும் புள்ளிகளையும் பற்றியன்று. இவ்விளையாட்டில் அதிகாரபூர்வமான நிலம் என்று ஒன்று கிடையாது. எத்தனை கோடி மக்கள்தொகை காட்டினாலும் உங்கள் நாடு எங்கேயும் இல்லை. இந்த வெறுமையைப் பொறுக்கமாட்டாத ஆட்டக்காரர்கள் தாங்களே கூட்டங்களாகச் சேர்ந்து வரைபடங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். சிலர் புதிதாகக் கண்டங்களைக் கற்பனை செய்கிறார்கள். வேறு சிலர், நாங்கள் போய்ச் சேர்ந்த கூட்டத்தாரும் அவ்வகையினர்தாம், இதே பூமியின் வரைபடத்தை எடுத்து, எல்லைக் கோடுகளை எல்லாம் அழித்து, வெள்ளையாக விரித்துவைத்து, வருகிறவர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். வேண்டிய நிலத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். நாட்டின் பெயர், தலைநகர், ஆட்சிமுறை, ஆள்பவரின் பட்டம், மக்கள்தொகை, சுருக்கமான வரலாறு. வரைபடப் பொறுப்பாளர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு அப்பகுதிக்கு வண்ணம் தீட்டுவார். பக்கத்து நாட்டார் ஆட்சேபிக்கலாம். பேராசைக்காரர்களைத் தடுக்க அளவு வரம்பு உண்டு. நீண்ட நாள் எழுதாதவர்களின் நிலம் மீண்டும் வெள்ளையாகிவிடும்.

1884-85-இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்கக் கடற்கரைகளைப் பற்றிச் செய்துகொண்ட விதிகள் ஏறக்குறைய இவையே. புதிதாக நிலம் கோருபவர் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அங்கே தம் அதிகாரத்தை மெய்யாகவே நிலைநாட்டியிருக்க வேண்டும். அந்த மாநாட்டில் ஓர் ஆப்பிரிக்கரும் அமர்ந்திருக்கவில்லை. விளையாட்டின் விதிகளை வகுத்த பதின்வயதினர் பெர்லின் தீர்மானங்களைப் படித்துவிட்டு வகுத்தார்கள் என்று நாம் நம்பவில்லை. வெள்ளைத் தாளையும் வண்ணப் பென்சிலையும் எதிரே வைத்தால் மனித மூளை இவ்வழியில்தான் ஓடும் போலும்.

எங்கள் பங்கை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். பெரிய நிலப்பகுதிகள் எல்லாம் போய்விட்டிருந்தன. இந்துமாக்கடலின் நடுவே, மாலத்தீவுகளுக்குத் தெற்கே, பொடிப்பொடியாகச் சில புள்ளிகள் மட்டும் யாரும் கேட்பாரின்றிக் கிடந்தன. சாகோஸ் தீவுக்கூட்டம். ஏழு பவளத்திட்டுகள், சிறியதும் பெரியதுமாக அறுபதுக்கு மேற்பட்ட தீவுகள். 'ஏழ்தீவுக் கோன்' என்ற பட்டம் எங்கள் மூத்த நண்பரின் உபயம். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அன்று மாலையே வரலாறும் எழுதப்பட்டது. ஆளற்ற தீவுகளில் புயலால் ஒதுங்கிய ஒரு கப்பல், அதில் ஒரு மாலுமி, அவன் வம்சம், முந்நூறாண்டு ஆட்சி. 'முந்தைய குடிகள்' என்று ஓரிடம் விண்ணப்பத்தில் இருந்தது. 'எவருமில்லை' என்று நிரப்பினோம். மறுநாளே எங்கள் தீவுகள் கருநீல வண்ணம் பெற்றன. எவரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த விண்ணப்பத்தை எழுதியபோது எங்களுக்கு உண்டான களிப்பை மறைப்பதில் பயனில்லை. இது ஓர் இலக்கிய வகை என்றே எங்களுக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. தமிழ் வாசகருக்கு இவ்வகை புதிதும் அன்று. முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் வரும் மெய்க்கீர்த்தி வேறென்ன? கோயிலுக்கு நாலு ஆடு கொடுத்த செய்தியைச் சொல்வதற்கு முன், அரசன் கொண்ட நாடுகள் வரிசையாக அணிவகுத்து வரும். முதலாம் இராசேந்திரனுடைய மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டு ஏற ஏற நீண்டுகொண்டே போவதைக் கல்வெட்டறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள்; அதைக் கொண்டே காலத்தையும் கணிக்கிறார்கள். வென்றதும், வென்றதாகச் சொன்னதும், வெல்ல விரும்பியதும் ஒரே சீரான நடையில் கல்லில் ஏறி நிற்கின்றன. எங்கள் மூத்த நண்பர் தம் பணிக்காலம் முழுதும் இவற்றைப் பாடமாக நடத்தியவர். சொந்தமாக ஒன்று எழுதும் வாய்ப்பு அவருக்கு எழுபது வயதில் கிடைத்தது. குழந்தைபோல மகிழ்ந்தார்.

பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் சேர்ந்த கூட்டத்தில் எவரும் அரசராகலாம், தடையில்லை. ஆனால் 'பேரரசர்' என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால், குறைந்தது இருவராவது உம்மைத் தம் மேலாளராக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இவ்விதியை ஒட்டி நடந்த சண்டைகளைப் படித்தால் சிரிப்பு வரும். நிலத்துக்காக நடந்த சண்டைகளைவிட அவை உக்கிரமானவை. நிலமாவது வரைபடத்தில் இருக்கிறது; பட்டமோ மற்றவர் வாயில்தான் இருக்கிறது. அசல் வரலாற்றிலும் இதுவே நிலை. நெப்போலியன் தம்மைப் பேரரசராக்கிக்கொண்ட அதே 1804-ஆம் ஆண்டில், புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரான்சிஸ் தம் ஆஸ்திரிய நிலங்களுக்கெனப் புதிதாக ஒரு பேரரசப் பட்டத்தை உண்டாக்கிக்கொண்டார். இரண்டாண்டுகளில் பழைய பேரரசு கலைந்தபோது கையில் ஒரு மகுடம் மிஞ்சியது. முன்யோசனை உள்ள ஆட்டக்காரர்.

விக்டோரியா அரசியின் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. 1876-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அரச பட்டங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி அவருக்கு 'இந்தியாவின் பேரரசி' என்ற பட்டத்தை வழங்கியது. ஜெர்மானியப் பட்டத்து இளவரசரை மணந்த தம் மூத்த மகள் ஒருநாள் பேரரசியாகிவிடுவாள், தாம் வெறும் அரசியாகவே இருந்துவிடுவோம் என்ற மனக்குறையும் அதன் பின்னே இருந்ததாக எழுதியவர்கள் உண்டு. பட்டத்தை இந்திய மொழியில் எப்படிச் சொல்வது என்று ஒரு பிரச்சினை எழுந்தது. லாகூரில் கல்லூரி முதல்வராக இருந்த லைட்னர் என்னும் மொழியறிஞர் 'கைசர்-இ-ஹிந்த்' என்று ஒரு சொல்லைக் கண்டெடுத்துக் கொடுத்தார். ஆக, மகுடத்தை வடித்தவர் ஒரு மொழியறிஞர். 1877 ஜனவரி முதல் நாள் தில்லியில் தர்பார் கூட்டி, விழா எடுத்து, பட்டம் அறிவிக்கப்பட்டது. அதே மாதங்களில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் மக்களைப் பல இலட்சக் கணக்கில் வாரிக்கொண்டிருந்தது. பட்டம் என்பது வெறும் சொல்தானே, அதனால் யாருக்கென்ன நட்டம் என்று எவரேனும் கேட்கும்போதெல்லாம் எங்கள் வங்கி நண்பர் இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துக் காட்டுவார்.

இவ்வளவு சொன்ன பிறகு, நாங்கள் இவ்விளையாட்டின் பகைவர்கள் என்று யாரேனும் கருதினால் அது தவறு. கற்பனை நாடுகளின்பால் இலக்கியத்துக்குப் பெரும் கடன் இருக்கிறது. 1826 ஜூனில் பாட்ரிக் பிராண்டி லீட்ஸ் நகரிலிருந்து ஒரு பெட்டி மரச் சிப்பாய்களைத் தம் மகன் பிரான்வெல்லுக்கு வாங்கிவந்தார். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயைப் பொறுக்கிக்கொண்டார்கள். சார்லட் தன்னுடையதற்கு வெலிங்டன் கோமகன் என்று பெயரிட்டாள், பிரான்வெல்லுடையது போனபார்ட். அந்தச் சிப்பாய்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி 'கண்ணாடி நகரம்' என்றோர் அரசுக்கூட்டமைப்பை நிறுவினார்கள். பின்னர் சார்லட்டும் பிரான்வெல்லும் 'ஆங்கிரியா' என்ற நாட்டையும், எமிலியும் ஆனும் வடபசிபிக்கில் 'கோண்டால்' என்ற தீவையும் உண்டாக்கினார்கள். கோமகன்களும் அரசர்களும் போர்களும் துரோகங்களுமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் குறும்புத்தகங்களில், உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிக்கமுடியாத எழுத்தில் எழுதித் தள்ளினார்கள். 1845-இல், எமிலிக்கு 27 வயது நெருங்கிக்கொண்டிருந்தபோது, அவரும் ஆனும் யார்க் நகருக்கு ரயிலில் போன பயணம் நெடுகிலும் கோண்டால் பாத்திரங்களாகவே நடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 'வுதரிங் ஹைட்ஸ்' வெளியாக அப்போது இரண்டாண்டுகளே இருந்தன. இரவு இரண்டு மணிக்குத் தன் பேரரசின் வாரிசுரிமை பற்றி எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் ஒருகணம் இதை நினைத்துக்கொள்ளலாம். எல்லாப் பிள்ளைகளும் எமிலி ஆகிவிடுவார்கள் என்று நாங்கள் உறுதிமொழி தரவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிய அந்தச் சிப்பாய்களும் ஆளற்ற நிலத்தில் இறங்கவில்லை. அங்கே அசாந்தி மக்கள் இருந்தார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், பத்திரிகைகளில் படித்திருந்தார்கள். அவர்களை ஒரே போரில் தோற்கடித்துவிட்டு மறந்துபோக முடியவில்லை. வெலிங்டன் கோமகனால் எடுத்து வளர்க்கப்படும் குவாஷியா என்ற அசாந்தி இளவரசன் வளர்ந்தபின் எதிர்த்தெழுகிறான். கதை நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறான். அவனைப் பற்றிய வருணனைகளில் அக்காலத்து நிறவெறி அப்பட்டமாகவே இருக்கிறது, அதை மூடி மறைப்பதற்கில்லை. இருந்தும் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு கோபம் இருக்கிறது. ஹாவொர்த் ஊர்ப் பாதிரியாரின் பிள்ளைகள் அவ்வளவு செய்தார்கள். நாங்கள் 'எவருமில்லை' என்று நிரப்பினோம்.

இன்னொரு முன்னோடி, இலக்கிய வாசகர்கள் பலரும் அறிந்தது, ரெடோண்டா. கரீபியக் கடலில் ஒரு பாறைத்தீவு. பறவை எச்சத்தில் விளைந்த உரத்துக்காக 1872-இல் பிரிட்டன் அதைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. இன்று ஆன்டிகுவா-பார்புடாவுக்கு உரியது. அருகிலுள்ள மான்ட்செராட் தீவில் பிறந்த எம். பி. ஷீல் என்ற நாவலாசிரியர், 1880-இல் தமது பதினைந்தாம் பிறந்தநாளில் தம் தந்தை தம்மை அத்தீவின் அரசராக முடிசூட்டியதாக 1929-இல் எழுதினார். அவருடைய நாவல்கள் மறுபதிப்புப் பெற்ற சமயம் அது. விளம்பரமும் மகுடமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போலிருக்கிறது! 1947-இல் ஷீல் மறைந்தபின் ஜான் காஸ்வர்த் என்ற கவிஞர் 'முதலாம் யுவான்' ஆனார். டைலன் தாமஸ், லாரன்ஸ் டரல் முதலியோர் கோமகன்கள் ஆனார்கள். பிற்காலத்தில் குடியும் வறுமையும் மிக, மதுக்கடைகளில் ஒரு கோப்பைக்காகப் பட்டங்களை அள்ளி வழங்கிய காஸ்வர்த் 1970-இல் இறந்தார். அவருடைய அந்தக் கதையை ஸ்பானிய நாவலாசிரியர் ஹவியேர் மரியாஸ் 1989-இல் ஒரு நாவலில் எழுதப் போக, 1997-இல் பட்டம் அவரையே தேடி வந்தது. மரியாஸ் ரெடோண்டாவின் பெயரில் ஒரு பதிப்பகம் நடத்தினார். ஒரு பரிசை ஏற்படுத்தினார். கூட்சி, ஆலிஸ் மன்றோ, ஸீபால்ட் ஆகியோரைக் கோமகன்களும் கோமகள்களும் ஆக்கினார். 2022-இல் மறையும்வரை அவர் அந்தப் பாறையில் ஒருபிடி மண்ணுக்கும் உரிமை கோரவில்லை. பட்டம் உண்டு, நிலம் இல்லை. அவ்வகை அரசை நாங்கள் முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஒரு கோமகன் பட்டம் கிடைத்தால் மறுக்கவும் மாட்டோம்.

சிக்கல் நிலத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் அரசின் தலைநகருக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. பொருத்தமான ஒரு தீவைத் தேடிப் பிடிக்க வங்கி நண்பர் பொறுப்பேற்றார். இரண்டு நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ஒரு படத்தை அனுப்பினார். பெரோஸ் பான்யோஸ் திட்டில் ஒரு தீவு. கூரை இல்லாத தேவாலயம், சுவர் நடுவே முளைத்த மரம், சற்றுத் தள்ளிக் கல்லறைகள். கீழே அவர் எழுதியிருந்தது ஒரு வரி: 'எவருமில்லை என்று எழுதியது யார்?'

எழுதியது நாங்கள் மூவரும்தான். ஆனால் முதலில் எழுதியவர்கள் நாங்கள் அல்லர். 1965-இல் மொரீஷியஸிலிருந்து இத்தீவுகளைப் பிரித்தெடுத்துப் புதிய காலனியாக்கிய பிரிட்டன், மறு ஆண்டில் தியேகோ கார்சியாவை இராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்குத் தர உடன்பட்டது. தளத்துக்கு ஆளற்ற தீவுகள் தேவைப்பட்டன. அங்கோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், பின்னர் இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாகத் தென்னந்தோட்டங்களில் உழைத்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1968 முதல் 1973 வரை அவர்கள், ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர், மொரீஷியஸுக்கும் செஷெல்ஸுக்கும் அகற்றப்பட்டார்கள். ஊருக்குப் போய்வரச் சென்றவர்களுக்குத் திரும்பக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டது. வளர்ப்பு நாய்களைக் கூட்டி அடைத்துப் புகைவிட்டுக் கொன்றார்கள். அவர்கள் தீவின் நிரந்தரக் குடிகள் அல்லர், ஒப்பந்தத் தொழிலாளர்களே என்று ஏடுகளில் எழுதப்பட்டது. 1966-ஆம் ஆண்டின் ஓர் அரசாங்கக் குறிப்பு பிற்பாடு நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. அதில் ஓர் உயர் அதிகாரி அம்மக்களை டார்ஜான்கள் என்றும் ஃபிரைடேக்கள் என்றும் கேலியாகக் குறித்திருக்கிறார்.

ஃபிரைடே! 1719-இல் வெளிவந்த 'ராபின்சன் குரூஸோ'விலிருந்து எடுத்த பெயர். ஒற்றை ஆளாய்த் தீவில் நின்றுகொண்டு இதற்கு நானே அரசன் என்று எண்ணி மகிழ்ந்த முதல் ஆட்டக்காரன் குரூஸோதான். பிறகு ஃபிரைடே உள்ளிட்ட மூவர் வந்து சேர்ந்ததும் தனக்குக் குடிமக்களும் கிடைத்துவிட்டதாகப் பூரித்தவன். ஓர் ஊரையே அழிக்க முனைந்த அதிகாரிக்கு அவ்வேளையில் கைகொடுத்தது நாம் சிறுவயதில் உருகிப் படித்த ஒரு நூல். இலக்கியம் மனிதரைப் பண்படுத்தும் என்று மேடைகளில் பேசுவோர் இந்தக் குறிப்பையும் ஒருமுறை வாசிக்கலாம்.

எங்கள் மூவருக்குள் அன்றிரவு நடந்த வாக்குவாதம் நீண்டது. இளையவர் சொன்னார்: 'விளையாட்டை விளையாட்டாகப் பாருங்கள். சதுரங்கத்தில் காலாளை வெட்டும்போது அவன் மனைவியை நினைக்கிறோமா? நாம் யாரையும் வெளியேற்றவில்லை. நாம் வண்ணம் பூசியதால் ஒரு தேங்காய்கூட விழவில்லை.' இதில் நியாயம் இல்லாமல் இல்லை. விளையாடுவோர் பெரும்பாலும் சிறுவர்கள், மாணவர்கள்; நிலப்பசி பிடித்தவர்கள் அல்லர். இந்த ஆட்டங்களின் வழியே புவியியலும் அரசமைப்புச் சட்டமும் கற்றவர்களை நாங்களே சந்தித்தோம்.

ஆனால் சதுரங்கப் பலகையில் 'சாகோஸ்' என்று எழுதியிருப்பதில்லை. கட்டங்கள் வெறும் கட்டங்கள். இங்கோ வெள்ளையாக விரித்திருப்பது பூமியின் வரைபடம். அதை வெள்ளையாக்கியது ஒருவர் செய்த வேலை. மேலும் வரைபடத்துக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே பீர் தவீல் என்று ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர் பாலை இருக்கிறது. 1899-இல் ஒரு கோடும் 1902-இல் வேறொரு கோடும் போட்டுவிட்டுப் போனார்கள் ஆங்கிலேயர்கள். கடலோர ஹலாயிப் பகுதி தமக்கு வேண்டுமென்று இரு நாடுகளும் ஆளுக்கொரு கோட்டைப் பிடித்துக்கொள்ள, பீர் தவீல் இருவருக்கும் வேண்டாததாயிற்று. 2014 ஜூனில் அமெரிக்காவின் வெர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு தந்தை அங்கே போய்க் கொடி நட்டார். தன் ஏழு வயது மகளை உண்மையான இளவரசியாக்குவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். செய்தித்தாள்கள் நெகிழ்ந்தன. அபாப்தா, பிஷாரி இன மேய்ப்பர்கள் அந்நிலத்தில் தலைமுறைகளாகக் கால்நடை மேய்த்து வருகிறார்கள் என்பது பின்னரே சிலருக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் தந்தை கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. மகளுக்காகப் பாலைவனம் கடந்தவரை எப்படிப் பழிப்பது? அவரும் ஒரு விண்ணப்பம் நிரப்பினார். 'முந்தைய குடிகள்' என்ற இடத்தில் நாங்கள் எழுதியதையே எழுதினார்.

விளையாட்டின் உள்ளேயே இதற்கு ஒரு மருந்து இருப்பதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவர்களாவோம். இவ்வகைக் கூட்டங்களில் 'காட்மாடிங்' என்று ஒரு குற்றம் உண்டு. தன்னைக் கடவுளாக நினைத்துக்கொண்டு எதிரியின் இழப்பையும் தானே எழுதிவிடுவது. உன் படை என் நகரத்தின்மேல் குண்டு வீசியது என்று நீ எழுதலாம்; எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை நான்தான் எழுத வேண்டும். அடிக்கிறவன் அடியை மட்டும் எழுதுவான், காயத்தைக் காயம்பட்டவன் எழுதுவான். இதைப் படித்த அன்று நாங்கள் உண்மையிலேயே அசந்துபோனோம். உலகின் எந்தப் பேரரசும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதில்லை. கலிங்கத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் வென்றவன் கல்லில் வெட்டிவைத்ததுதானே. அவன் மனம் வருந்தியதையும் அவனே எழுதவேண்டியிருந்தது.

பதினாறு வயதுப் பிள்ளைகள் சண்டைபோட்டுச் சண்டைபோட்டுக் கண்டடைந்த இந்த நியாயம் வெள்ளைப் பகுதிகளுக்கு மட்டும் செல்லுபடியாவதில்லை. காரணம் எளிது. அங்கே எதிரில் ஆட்டக்காரர் இல்லை. காயத்தை எழுத ஆள் இல்லாத இடத்தில் காயமே இல்லையென்றாகிவிடுகிறது. ஆகவே எங்கள் யோசனை இதுதான்: மெய்யான பூமியை வைத்து ஆடுவோர், வெள்ளைப் பகுதிகள் அனைத்துக்கும் பொதுவாக ஓர் ஆட்டக்காரரை நியமிக்கட்டும். அவருக்குப் படை வேண்டாம், கொடி வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒருவர் நிலம் கோரும்போது அங்கிருப்பவர்களாக நின்று பதில் எழுதுவது மட்டுமே அவர் வேலை. அவர் எழுதி முடித்த பிறகு வண்ணம் தீட்டலாம். ஆட்டத்தின் சுவை இதனால் குறையும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை; குவாஷியா இல்லாத ஆங்கிரியா எவ்வளவு சப்பென்றிருந்திருக்கும்! இந்த வேலை பிடிக்காதவர்களுக்குக் கோண்டால் வழி திறந்தே இருக்கிறது. கடலில் ஒரு புதுத் தீவை வரைந்துகொள்ளட்டும், அங்கே எவருமில்லை என்று எழுத அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு.

எங்கள் யோசனையை அக்கூட்டத்தாரிடம் வைத்தோம். சிலர் பாராட்டினார்கள், ஒருவர் 'மிகவும் கனமாக இருக்கிறது' என்றார், பேச்சு ஒரு பேரரசரின் திருமணத்தின் பக்கம் திரும்பிவிட்டது. நாங்கள் எங்களளவில் விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பினோம். மூத்த நண்பர் 'ஏழ்தீவுக் கோன்' என்ற பட்டத்தைத் தம் கையாலேயே நீக்கினார், சற்று வருத்தத்துடன்தான். மாலுமியும் வம்சமும் போயின. கொப்பரைக் களங்கள், ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம், கிரியோல் பேசும் ஓர் ஊர்ச்சபை, அகற்ற வந்த கப்பலைக் கரைசேரவிடாமல் திருப்பி அனுப்பிய ஒரு காலைப்பொழுது என்று வேறொரு வரலாறு எழுதினோம். நடக்காத வரலாறு. ஆட்சியாளரின் பட்டம் என்ற இடத்தை வெறுமையாக விட்டோம். அதை நிரப்பாமல் ஏற்க இயலாது என்று பொறுப்பாளர் சொன்னதால், 'பள்ளி ஆசிரியை' என்று எழுதினோம்.

சில மாதங்கள் அந்த நாடு நன்றாகவே நடந்தது. பிறகு நூலகம் திறந்தது. வங்கி நண்பருக்கு மாற்றல் வந்தது, இளையவருக்குத் தேர்வுகள். 2019-இல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தெடுத்தது சட்டப்படி செல்லாது என்று கருத்துரைத்திருந்ததையும், தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஓர் ஒப்பந்தம் தியேகோ கார்சியா தளத்தைத் தொடரவிட்டபடியே 2025 மே மாதம் கையெழுத்தானதையும் பற்றிப் பேசிக்கொள்ளத்தான் மூவரும் பின்னாளில் கூடினோம். 28 நாட்கள் என்ற விதி எங்களையும் விடவில்லை. நாடு மறைந்தது, வரைபடத்தில் எங்கள் ஏழு திட்டுகளும் மீண்டும் வெள்ளையாயின. ஒரு வாரத்துக்குள் வேறொருவர் விண்ணப்பித்துவிட்டார் என்று இளையவர் சொன்னார். போய்ப் பார்த்தோம். தொலைவில் எங்கோ தலைநகர் கொண்ட ஒரு பேரரசின் கடற்படைத் தளமாக அதைக் குறித்திருந்தார்கள். முந்தைய குடிகள்: எவருமில்லை.